சம்பந்தி கேட்ட பரிசோதனை

கல்முனை

அன்பு மகள் ஹுஸ்னியாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள வேண்டும். இங்கே உம்மாவின் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. போனில் கதைத்தால் பக்கத்தில் ஆள் இருக்கும், நீயும் ஓம் வாப்பா ஓம் வாப்பா என்று மட்டும் சொல்வாய். அதனால் நீங்கள் இருக்கும் கட்டாருக்குத் திரும்பும் நம் ஊர் ஜவுபரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

போன செவ்வாய் உன் மாமி சுபைறா, மருமகனின் உம்மா, வந்தார். உனக்குச் சீதனமாகக் கட்டித் தந்து, இப்போது நாங்கள் இருக்கும் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, உன் தம்பி அஹ்ஸனுக்கு இருக்கும் ஓட்டிசம் உன் பிள்ளைக்கும் இருக்கிறதா என்று இப்போதே சோதித்துப் பார்க்க வேண்டும், இருந்தால் நாள் தள்ளாமல் கலைத்துவிட வேண்டும் என்றார். உங்கட குடியில ஓடுற வருத்தம் எங்கட புள்ளைக்கு எதுக்கு என்றும் கேட்டார். அந்த நேரம் பார்த்து அஹ்ஸன் வந்து, சத்தம் தாங்காமல் ஃபேனை நிறுத்திவிட்டுப் போனான். மிச்சத்தையெல்லாம் அவர் வேர்த்து வேர்த்துத்தான் சொன்னார், எனக்குப் பரம திருப்தி. அவர் பேச்சையும் நம்பாமல் என் கோபத்தையும் நம்பாமல் மறுநாள் ஒரு மகப்பேற்று டொக்டரிடம் போனேன். பிறக்குமுன் ஓட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றைக்கு இல்லை என்றார். அதோடு சேர்ந்து வரக்கூடிய சில மரபணுக் கோளாறுகளைப் பார்க்கலாமாம், அவையும் பிள்ளை எப்படி வளரும் என்று சொல்லாதாம். பிறந்து இரண்டு வயதளவில் நடத்தையைப் பார்த்துத்தான் அநேகமாகக் கண்டுகொள்வார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடும் என்றும் சொன்னார், அதை உனக்கு மறைக்க மாட்டேன். நம் வம்சக் குடி பெண் வழியாக வரும், மகள், ஆனால் ஓட்டிசம் எந்தக் குடியையும் கேட்டு வருவதில்லை.

போகும்போது மாமி, ஒளிச்சித்தானே பொண்ணத் தந்தீங்க என்றார். அது மட்டும் உண்மைதான். உன் கலியாணம் பேச அவர்கள் வந்த அன்று அஹ்ஸனைப் பாலமுனையில் சாச்சி வீட்டில் விட்டவன் நான், கலியாணத்தன்றும் அப்படித்தான். இத்தனை வருடமாக ஊரை ஏசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அவனை ஒளித்தது ஊரல்ல. நீ பிள்ளையைப் பெறத்தான் விரும்புகிறாய் என்று உம்மா சொன்னார். அப்படியானால் இல்லாத பரிசோதனைக்கு யார் இழுத்தாலும் அசையாதே. அவர்கள் கோபித்தால் இங்கே வந்துவிடு. வீடு உன் பெயரில் இருக்கிறது, உன்னை அங்கிருந்து எழுப்ப எந்தச் சம்பந்திக்கும் முடியாது. அடுத்த மாதம் மருமகனின் தங்கைக்குக் கலியாணம். எங்களை அழைத்த மாமி அஹ்ஸனை வீட்டில் விட்டு வரச் சொன்னார். நான் அவனுக்குப் புதுச் சாரன் எடுத்துவிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களோடு ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிடுவான். மனமில்லாதவர்கள் எழும்பிப் போகட்டும். சத்தம் கூடி அவனுக்கு முடியாமல் போனால் அவனோடு வெளியே நிற்பேன், அதுவும் எல்லோரும் பார்க்கும் வாசலில்.

இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு குடிக்காதே. வரப்போகும் பிள்ளை எப்படி வந்தாலும் அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக. மருமகனுக்கு என் சலாம், விரும்பினால் இந்தக் கடிதத்தை அவருக்கும் வாசிக்கக் கொடு.

ஹுஸ்னியாவுக்கும் அஹ்ஸனுக்கும் வாப்பா,
சீனிமுகம்மது