ஓவசியரின் இரண்டு துவக்குகள்

முரசுமோட்டை, 1960 மார்கழி 5, செவ்வாய்

விடியத் தூறல். பிறகு வெயில்.

எழுத்து கோணல்தான். வாசிக்கப்போவது நான் ஒருவன், இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவைக்கிறேன். நாளைக்கு எனக்கே விளங்காமற் போகலாம். மண்வெட்டி பிடித்த விரலுக்குப் பென்சில் இருப்பதே தெரியவில்லை. அழுத்திவிடுகிறேன், தாள் கிழிகிறது. ஒரு வரி முடிவதற்குள் வெற்றிலை ஒரு வாய் மென்று முடிந்துவிடும். ஆனாலும் என்ன சந்தோசம்! மருமகள் மகேசு ஆவணியில் ஆனா ஆவன்னா பழக்கத் தொடங்கினாள். மார்கழியில் நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஊர்ப் பெயரை ஒவ்வொரு நாளும் மேலே போடுவேன். நீளமான பெயர். எழுதி முடித்தால் ஒரு வரம்பு கட்டி முடித்ததுபோல் இருக்கிறது.

இனி விசயம். மேட்டுக்காணியில் கச்சான் கடலை. காலையில் குரங்கு, இருட்டினால் பன்றி. போன வருசமும் அதற்கு முதல் வருசமும் எங்களுக்கு மிஞ்சியது கொடி மட்டும். மகன் செல்லத்துரை இன்று சொல்லிவிட்டான்.

"ஐயா, இந்த முறையும் கச்சான் வீடு வந்து சேராட்டி நான் கரவெட்டிக்குத் திரும்பிப் போறன். நீங்களும் அம்மாவும் இருந்து குரங்குக்குத் தோட்டம் செய்யுங்கோ."

அவன் பழைய ஊருக்குப் போனால் எல்லோரும்தான் போகவேண்டும். வயல் செய்ய என் உடம்பு காணாது. காடு வெட்டி எடுத்த காணி. இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஒரு துவக்கு வாங்க வேண்டும்.

முரசுமோட்டை, மார்கழி 6, புதன்

வானம் மப்பு. மழை இல்லை.

குளத்து வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் சூசைப்பிள்ளை பென்சனோடு முல்லைத்தீவுக்குப் போகிறார். கடற்காற்றில் கறள் பிடிக்கும் என்று இரண்டு துவக்கையும் விற்கப் பார்க்கிறார். இரண்டும் சின்னத் துவக்கு. குழல் அளவு இருபத்திரண்டு என்கிறார்கள். தோட்டா என் பென்சில் கட்டையிலும் சின்னது. எனக்கு அதுதான் சரி. வண்டியால் விழுந்து முறிந்த தோள், பெரிய துவக்கு உதைத்தால் தாங்காது.

பார்த்தவை:

ஒன்று, மெல்லியது. தூக்கிக்கொண்டு நடக்கலாம். குழல் நுனியில் ஒரு முளை, இந்தப் பக்கம் ஒரு வெட்டு. இரண்டையும் நேராக்கிச் சுடவேண்டும்.

மற்றது, பாரம். ஓவசியர் வாலிபத்தில் குறிபார்க்கும் போட்டிக்கு வைத்திருந்தது. வெட்டுக்குப் பதிலாகக் கண்ணுக்குக் கிட்ட ஒரு சின்னத் துளை.

எது நல்லது? தெரியவில்லை. வீட்டில் சொன்னேன். பெண்சாதி பொன்னு அடுப்பை விட்டு எழும்பி வந்தாள்.

"குரங்குக்கோ சுடப்போறியள்?"

"வேறை எதுக்கு?"

"அனுமாரைச் சுட்ட கையாலை எனக்குத் திருநீறு பூசவேண்டாம், சொல்லிப்போட்டன்."

கலியாணம் முடித்த நாள் தொடக்கம் காலையில் நான்தான் அவளுக்குத் திருநீறு பூசுகிறேன். சண்டை பிடித்த நாளிலும்.

"அப்ப பன்றிக்குச் சுடுறன்."

"பன்றிக்குச் சுடுங்கோ. கறியாக்கித் தாறன்."

முரசுமோட்டை, மார்கழி 8, வெள்ளி

ஓவசியரிடம் போனேன். பன்றிக்கு எந்தத் துவக்கு நல்லது என்று கேட்டேன்.

"பன்றிக்கோ? கந்தையாண்ணை, இது பன்றிக்கு எறும்பு கடிச்ச மாதிரி. காயப்பட்டுதெண்டால் திரும்பி வந்து உங்கட தொடையைக் கிழிக்கும். இது குரங்குக்கு, மயிலுக்கு, முயலுக்குத்தான்."

"குரங்கு அனுமார்."

"மயில்?"

"முருகன்ரை."

"பெருச்சாளி?"

"பிள்ளையாற்றை."

"பன்றி மட்டும் அனாதையோ?"

"அது பெருமாளின்ரை. நாங்கள் சைவம், பறவாயில்லை."

மனிதர் இருமும்வரை சிரித்தார். "உங்கட சாமிமார் எல்லாரும் பயிரை அழிக்கிறதிலை ஏறித்தானே திரியினம்! எங்கட ஆண்டவரைப் பாருங்கோ, ஒரு கழுதையிலை போனவர். அதுவும் இரவல்."

நானும் சிரித்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. சுட்டால் விழக்கூடியதைச் சுடக்கூடாது. சுடலாம் என்பது இந்தத் துவக்குக்கு விழாது. முயல் மட்டும் மிஞ்சுகிறது. முயல் தின்பது ஒரு கைப்பிடி.

இரவு பொன்னுவே வழி சொன்னாள். "தலைக்கு மேலாலை வெடி வையுங்கோ. வெருட்டுறதிலை பாவமில்லை."

அப்படியே செய்யலாம்.

முரசுமோட்டை, மார்கழி 9, சனி

நல்ல வெயில். நல்ல நாள்.

ஓவசியர் வளவில் இரண்டையும் சுட்டுப் பார்த்தேன். வேலிக் கதியால் தடியில் தேங்காய்ச் சிரட்டை, அதில் சுண்ணாம்புப் பொட்டு. முதலில் மெல்லியது. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் முளை தெளிவு, சிரட்டை புகை. கழற்றினால் சிரட்டை தெளிவு, முளை இரண்டு. போட்டேன். கழற்றினேன். போட்டேன்.

"அண்ணை, சிரட்டைக்கே அலுத்துப்போச்சு."

பிறகு பாரத் துவக்கு. சாக்கு மூட்டையில் சாத்திப் படுத்தேன். துளைக்குள்ளால் பார்த்தால் முளையும் தெரிகிறது, சிரட்டையும் தெரிகிறது! என்ன மாயமோ. பொட்டில் பட்டது. சிரட்டை துள்ளி விழுந்தது. தோளிலும் நோ இல்லை. எழுத வந்த வயதில் சுடவும் வந்துவிட்டது.

சிரட்டையைக் கொண்டுவந்து காட்டினேன். மகேசு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "மாமா, வட்டம் போட ஒரு மாசம் என்னோடை மல்லுக்கட்டினியள். இஞ்சை ஒரே வெடியிலை வட்டம்!" செல்லத்துரைகூடச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனையோ நாள்.

முடிவு: பாரமானது. லைசென்சு மாற்ற ஊர் அதிகாரி விதானையார் பொங்கல் முடியட்டும் என்கிறார். அதுவரை ஓவசியர் துவக்கோடு தானும் வருவார். நல்ல மனிதர்.

முரசுமோட்டை, மார்கழி 11, திங்கள்

பனி. கை விறைக்கிறது. எழுத்து இன்னும் மோசம்.

விடிய முன்னமே ஓவசியர் வந்தார். காட்டு ஓரத்தில் வழக்கப்படி ஒரு குழை முறித்து ஐயனாருக்குத் தொங்கவிட்டேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். படுத்தோம்.

குரங்குகள் இறங்கின. துளைக்குள்ளால் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரே இருட்டு. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற காணி துளைக்குள் தெரியவில்லை.

"இந்தத் துளைக்கு வெளிச்சம் வேணும் அண்ணை. போட்டி எல்லாம் பகலிலைதானே."

இதை அவர் முதலே சொல்லியிருக்கலாம். வெயில் வருவதற்குள் ஒரு வரிசை முடிந்துவிட்டது. பாலை மரத்துக்கு மேலே சுட்டேன். காய்ந்த சுள்ளி முறிந்ததுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். குரங்குகள் நிமிர்ந்து பார்த்தன. பிறகு குனிந்து கிண்டின. இன்னும் ஒரு வெடி. இந்த முறை நிமிரவும் இல்லை. சின்னத் துவக்கின் சத்தமும் சின்னது. நாங்கள் இருவரும் அதை யோசிக்கவில்லை.

அடிக்கட்டையில் ஒரு தாய்க் குரங்கு வந்து இருந்தது. மடியில் குட்டி. கச்சானை உள்ளங்கையில் தேய்த்து மண் போக்கியது, பொன்னு செய்வதுபோல. துளைக்குள் அது முழுதாகத் தெரிந்தது.

"இப்ப சுட்டால் விழும்," ஓவசியர் காதுக்குள் சொன்னார். "ஒண்டு விழுந்தால் மற்றதுகள் இந்தப் பக்கம் வராது. பொன்னக்காவுக்கு நான் சொல்லமாட்டன்."

விரல் வைத்தேன். எடுத்தேன். பாவத்துக்குப் பயந்தேனா? தெரியாது. அவர் சொல்லாவிட்டாலும் நாளைக் காலையில் திருநீற்றோடு பொன்னுவுக்கு முன்னால் நிற்கப்போவது நான்.

முரசுமோட்டை, மார்கழி 13, புதன்

மழை. விட்டு விட்டு.

நேற்று இரவு பன்றி. தகரம் அடித்தோம், தீப்பந்தம் காட்டினோம், ஓவசியரும் இருட்டுக்குள் வெடி வைத்தார். காலையில் பார்த்தால் ஏர் பூட்டி உழுததுபோல் காணி. செல்லத்துரை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு லொறி பேசப் போய்விட்டான்.

ஓவசியர் பயணம் சொல்ல வந்தார். துவக்கும் கையில்.

"இதை நானே கொண்டுபோறன் அண்ணை. கறள் பிடிச்சால் பிடிக்கட்டும். கரவெட்டியிலை நீங்கள் எதைச் சுடுறது?"

"சிரட்டையை."

அவர் சிரிக்கவில்லை.

காலையில் பொன்னு திருநீற்றுக்கு நெற்றியைக் காட்டியபடி கனநேரம் நின்றாள். பூசிய பிறகும் போகவில்லை. பிறகு மிஞ்சியதைப் பறித்து அவித்தாள். ஒரு சட்டியின் அடி மூடவில்லை. நல்ல கச்சான். இனிப்பு.

மகேசு சாமான் கட்டுகிறாள். பென்சிலையும் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். அடுத்த கிழமையும் எழுதுவேன், கட்டாயம் எழுதுவேன். மேலே எந்த ஊரைப் போடுவது என்றுதான் யோசனை. கரவெட்டி எழுத இலேசு. முரசுமோட்டைதான் எனக்குக் கை பழகியது.