மெழுகுக்கடியில் கிடந்த பூக்கள்

என் பிரியத்துக்குரிய அண்ணி,

மைசூரில் மழை விட்டிருக்கிறது. அண்ணா வேளைக்குச் சாப்பிடுகிறார். ஆனால் நீங்கள் போனதிலிருந்து உங்கள் அலமாரிப் பக்கம் திரும்புவதே இல்லை. போன வாரம் திடீரென்று, "கமலா, அவளோட மெழுகுவத்தி டப்பா எல்லாத்தையும் குப்பை வண்டியில போட்டுடு. எனக்கு வேண்டாம்மா, பாக்க முடியல" என்றார்.

அத்தனையும் கெட்டிக் கண்ணாடி. ஊறுகாய் பாட்டிலையே கழுவிக் கவிழ்த்து வைக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு இதைத் தூக்கிப் போட மனசு வருமா? மெழுகைச் சுரண்டிவிட்டு மிளகு, சீரகம் போட்டு வைத்தால் அண்ணாவுக்கு அடையாளமே தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

வாசனை மெழுகுவத்தி வாங்கி வரும்போதெல்லாம் உங்களை எத்தனை கேலி செய்திருக்கிறேன்! "தினமும் பர்த்டேவா அண்ணி?" நீங்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுவீர்கள்.

முதலில் வெந்நீரை ஊற்றினேன். மெழுகு இளகி விளிம்பெல்லாம் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்தான், "ஃப்ரீசர்ல வைங்க ஆன்ட்டி, தானா கழண்டுடும்" என்றாள். வைத்தேன். காலையில் கவிழ்த்துத் தட்டினால், தட்டிலிருந்து இட்லி விழுகிற மாதிரி மெழுகு முழுசாகக் கையில் விழுந்தது.

அடிப்பக்கத்தைப் பார்த்ததும், ஐயோ, பூச்சி என்று பதறிப்போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பூச்சி இல்லை அண்ணி, பூ. பழுப்பேறிய மல்லிகை, அதன்மேல் சாமந்தி இதழ், ஒரு துளசிக் கதிர். அடுத்த டப்பாவிலும் பூ. அதற்கடுத்ததிலும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கை வாயால் ஊதக்கூடாது, பூவால்தான் குளிர வைக்க வேண்டும் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாலில் வாங்கிய லாவெண்டர் மெழுகுவத்திக்குமா? தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய முழத்தில் தினமும் ஒரு பூவைக் கிள்ளித் திரியை அழுத்தியிருக்கிறீர்கள். அது உருகிய மெழுகில் இறங்கி அடியில் தங்கியிருக்கிறது. சாயம் பூசிய கண்ணாடி, வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே! நான் கேலி செய்துகொண்டிருந்த இடத்தில் நீங்கள் பூஜை செய்துகொண்டிருந்தீர்களா?

பாதி எரிந்த டப்பா ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதில் பூ மேலேயே ஒட்டியிருந்தது, ஒரு கனகாம்பரம். நான் கத்தியை எடுத்ததும், எப்போது வந்து நின்றாரோ, அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதைத் தொடாதே. அது அவ வச்ச பூ இல்ல. நான் வச்சது."

பிறகு நின்றபடியே சொன்னார். "ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. ஸ்ட்ரெச்சர்ல தூக்கறாங்க, அவளுக்குப் பேச்சே வரல. நான் இதை ஊதப் போனேன். கையை ஆட்டி, 'ஊதாதீங்க'ன்னு ஜாடை காட்டினா. அந்த அவசரத்துல பூவுக்கு எங்க போறது? அவ தலையில இருந்தே ஒண்ணு எடுத்தேன்."

மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்திலா அண்ணி, அந்தச் சின்னச் சுடருக்கு மரியாதை பார்த்தீர்கள்? நீங்கள் எப்பேர்ப்பட்ட மனுஷி! இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

அண்ணா அந்த டப்பாவைத் தன் வேட்டி நுனியால் துடைத்து, கட்டிலருகே அவரே வைத்துக்கொண்டார். மற்ற டப்பாக்களில் மிளகும் சீரகமும் இருக்கின்றன. அந்த ஒன்றில் மட்டும் நான் உயிரோடு இருக்கிறவரை கத்தி படாது, வெந்நீர் படாது. இது சத்தியம்.

உங்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் போன,
உங்கள் வாயாடி நாத்தனார்
கமலா