அம்மாவுக்கு வாசனை தெரியவில்லை

நிக்டி, புனே

அன்புள்ள அம்மு, அப்பாவின் ஆசிகள். நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். டொராண்டோ குளிர் உனக்கும் மாப்பிள்ளைக்கும் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன், நிதானமாகப் படி.

கொஞ்ச நாளாகவே நம் கேஸ் அடுப்பு சரியில்லை. பெரிய பர்னர் மஞ்சளாக எரிந்து பாத்திர அடியெல்லாம் கரி பிடித்தது. கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஓட்டைகளை ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டினேன், நீலமாக எரிந்தது. சின்ன பர்னர்தான் சிம்மில் வைத்தால் அணைந்துபோகும். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு படியேறினால், எதிர் பிளாட் பாத்திமா அப்போதுதான் ஓடிவந்து நம் கதவை இடிக்கிறாள். மாமா, கேஸ் நாத்தம் எங்க வீடு வரைக்கும் வருது, சுவிட்சு எதையும் தொட்ராதீங்க என்றாள். என் சாவியால் கதவைத் திறந்தால், உள்ளே அம்மா அணைந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பருப்பு பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது, குமிழ் திறந்தபடியே இருக்கிறது. பாத்திமா குமிழை மூடி, ரெகுலேட்டரையும் அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். நான் அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். என்னாச்சு, ஏன் இப்படிப் பதர்றேள் என்று அம்மா என்னையே கேட்டாள். அத்தனை நாத்தமும் அவளுக்குத் தெரியவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் மெதுவாகச் சொன்னாள். மழைக்காலத்தில் வந்ததே அந்தக் காய்ச்சல், அதோடு வாசனை போய்விட்டதாம். சொன்னா என்னைச் சமைக்க விடமாட்டேள், அதான் சொல்லலை என்றாள். அத்தனை நாளும் ரசத்தில் பெருங்காயம் தூக்கல், நெய் தீய்ந்துவிட்டது என்று நான் தட்டை நகர்த்தினேனே. தீபாவளிக்கு வந்தபோது நீயும் அதைக் கேட்டுச் சிரித்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நமக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அன்றைக்கு அவள் என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனது இப்போது கண்ணிலேயே நிற்கிறது.

வாசனை திரும்பினாலும் திரும்பலாம், நிச்சயமில்லை என்கிறார் டாக்டர். மெக்கானிக் முரளி வந்து, விரிசல் விட்டிருந்த ரப்பர் குழாயை மாற்றி, சின்ன பர்னரையும் சரிசெய்தார். கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம் ஒன்றும் மாட்டியாகிவிட்டது. தாளிக்கும்போது நான் பக்கத்தில் நிற்கிறேன். அவள்தான் முன்னைப்போல் இல்லை. ரசம் நன்றாயிருக்கிறது என்று மனதாரச் சொல்கிறேன், நம்பமாட்டேன் என்கிறாள். முன்பு ஒரு நாளாவது சொல்லியிருந்தால் இன்று நம்பியிருப்பாளோ என்னவோ.

உன் வீட்டு அடுப்பையும் ஒருமுறை ஆள் வைத்துப் பார்த்துவிடு. நான் எழுதியது தெரிந்ததாக அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே. இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். கோடை விடுமுறைக்குக் கட்டாயம் வா. வந்தால் அவள் சமைத்ததைப் புகழ வேண்டாம், இன்னொரு கரண்டி போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிடு, அது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்வாமிநாதன்