அச்சு வரை

அக்டோபர் 14, திங்கள்

ஆர்லன் இன்றும் சாய்வு நாற்காலியில்தான். தானியக் கிடங்கு ஏணியிலிருந்து விழுந்து ஏழு வாரம் ஆகிறது. ஜனவரி வரை வேலைக்குப் போகக் கூடாது, குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. பேசக் கூடாது என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை. அதனால் நான் பாத்திரம் அடுக்குவதற்குக்கூட யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஃப்ரிட்ஜ் கதவில் அந்த வேட்டை அனுமதிச் சீட்டு. பதினோரு வருடம் குலுக்கலுக்கு எழுதிப் போட்டு இந்த ஜூனில்தான் என் பெயர் விழுந்தது. மிசூரி ஆற்றங்கரை மேடுகளில் ஓர் ஆண் எல்க் மான். ஒன்றே ஒன்று. போன வருடத்துக் கறியில் நாலு பொட்டலம்தான் மிச்சம், ஒருவர் சம்பளத்தில் இந்தக் குளிர்காலத்தை ஓட்ட வேண்டும். எங்கள் வீட்டுச் சாப்பாடு அந்தச் சீட்டில்தான் தொங்குகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

"கொரீனைக் கூட்டிட்டுப் போ" என்கிறான் ஆர்லன்.

கொரீன் அவனுடைய அக்கா. அறுபத்தொரு வயது. முப்பத்தோரு வருடம் இந்த வட்டாரத்து மண்சாலைகளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒரு தடவைகூடச் சேற்றில் மாட்டியதில்லை. அவளைவிட ஊருக்குத்தான் அதில் பெருமை அதிகம்.

எங்கள் கல்யாணத்தன்று நான் பின்னால் நிற்பது தெரியாமல் சொன்னாள்: "பில்லிங்ஸ் டவுன்ல வளர்ந்த பொண்ணு. ரெண்டு குளிர்காலம் தாங்க மாட்டா." இருபத்திரண்டு ஆயிற்று. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"அவங்க துப்பாக்கியத் தொட்டதே இல்லையே?"

"சுடறதுக்கு நீ இருக்கே. சேறுன்னு வந்தா அவ வேணும்."

"எனக்கு ஓட்டத் தெரியும், ஆர்லன்."

டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டான்.

அக்டோபர் 26, சனி

வேட்டை சீசன் திறந்தது. மழை. போகவில்லை.

நவம்பர் 2, சனி

மழை. சீட்டைப் பார்த்துக்கொண்டே ரொட்டி தின்றேன்.

நவம்பர் 6, புதன்

மதியம் ஓபல் கடையில் காபி. கல்லாவுக்குப் பக்கத்தில் கரும்பலகையைத் துடைத்து மாட்டிவிட்டாள். இந்த சீசனில் ஏற்கெனவே மூன்று பெயர். யார் வண்டியைச் சேற்றில் மாட்டினார்கள், எவ்வளவு ஆழம். 'ருட்ஜர் — பாதிச் சக்கரம்.' இங்கே அதற்கு மேல் விவரம் யாருக்கும் தேவையில்லை. சீசன் கடைசியில் பெயர் உள்ளவர்கள் ஆப்பிளை மாவில் பொதிந்து ஆளுக்கொரு 'பை' சுட்டுக் கொண்டுவர வேண்டும், ஊர் உட்கார்ந்து சாப்பிடும். வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொண்டால் ஓபல் எழுதுவதில்லை. "அவங்க மாட்டாம இருந்தாத்தான் அதிசயம்" என்பாள்.

தபால் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள் நான். என் பெயர் மட்டும் அந்தப் பலகையில் வந்தால், ஸ்டாம்பு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஈஸ்டர் வரை அதையேதான் பேசுவார்கள். இல்லை, அதைவிட மோசம் ஒன்று உண்டு. நான் மாட்டி, ஓபல் எழுதாமலே விட்டுவிட்டால்?

சனிக்கிழமை வெயிலாம். கொரீனுக்கு ஃபோன் போட்டேன். "நாலரைக்கு வாசல்ல நிப்பேன்" என்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

நவம்பர் 9, சனி

மாலை ஐந்து. வண்டிக்குள். கையுறையோடு எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

என் புத்தியச் செருப்பால அடிக்கணும். பதினோரு வருஷம் காத்திருக்கத் தெரிஞ்சவளுக்குப் பதினாறு மணி நேரம் காத்திருக்கத் தெரியல—

வரிசையாக எழுதுகிறேன். விடியும்போது தரை இரும்பாக உறைந்திருந்தது. நான்தான் ஓட்டினேன். சரளைச் சாலையை விட்டு இறங்கி, மேட்டு முகட்டில் மூன்று மைல். இந்த வட்டாரத்துக் கம்போ களிமண் உறைந்திருந்தால் நெடுஞ்சாலை மாதிரி போகலாம். வெயில் பட்டு மேலே இரண்டு அங்குலம் இளகினால் போச்சு, சோப்பைக் கரைத்து ஊற்றிய மாதிரி ஆகிவிடும். வெளியூர்க்காரன் சாலையோரச் சேற்றில் மாட்டுவானே தவிர, இந்தத் தடத்தைப் பார்த்ததும் பயந்து திரும்பிவிடுவான். உறைபனியை நம்பி உள்ளே வருவது, இந்த மண்ணைத் தெரியும் என்று நினைக்கிற எங்களைப் போன்றவர்கள்தான்.

"பத்து மணிக்கு இங்கேர்ந்து கிளம்பணும்" என்றாள் கொரீன். "பத்துன்னா பத்து." குறுக்கெழுத்துப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எட்டு நாற்பதுக்கு மான். ஒரே குண்டு. பெரிய உடம்பு, ஆறு கிளைக் கொம்பு. விழுந்த இடத்தில் மண்டியிட்டு அழுதேன், அதை ஆர்லனிடம் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அறுத்துக் கூறு போட்டு, அரை மைல் மேட்டில் முதுகில் சுமந்து ஏற வேண்டும். ஆறு நடை. முதல் தொடையோடு மேலே வந்தபோது, "பத்தே முக்கால்" என்றாள், தலையைத் தூக்காமல். அடுத்த நடை: "பதினொன்னே கால். வெயில் வந்தாச்சு." கடைசி நடை முடிந்தபோது ஒன்றரை.

"இனிமே நகரக் கூடாது, டெல்மா. ராத்திரி உறையும். விடிஞ்சதும் போலாம்."

ரேடியோவும் அதைத்தான் சொன்னது. இன்றிரவு கடும் உறைபனி. நாளை மதியத்திலிருந்து மழை, வாரம் முழுக்க.

"மூணு மைல்தானே" என்றேன்.

"வேணாம்."

எனக்கு ஆணையிட இவள் யார் என்ற வீம்பு. சாவியைத் திருப்பினேன். இருநூறு கஜம் போயிருக்க மாட்டோம். பின்பக்கம் தானாக நகர்ந்தது, நான் திருப்பினேன், அது கேட்கவில்லை. ஓடைப் பக்கச் சேற்றில் சாய்ந்து, சக்கர அச்சு வரை இறங்கி நின்றுவிட்டது. பக்கத்துப் பண்ணைவீடு பதினாறு மைல். ஃபோனில் சிக்னல் கிடையாது.

'சொன்னேனா இல்லையா' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். கல்யாண நாளிலிருந்தே காத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கொரீன் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். "மொதல்ல ஹேண்ட் பிரேக்க எடு."

"சரிவுல நிக்குது! எடுத்தா உருண்டுடும்!"

"நனைஞ்ச பிரேக் ராத்திரி உறைஞ்சுதுன்னா காலைல சக்கரம் சுத்தாது. எடு. நான் கட்டை வைக்கறேன்." பையிலிருந்து இரண்டு ஆப்புக் கட்டைகளை எடுத்தாள். பழைய பஸ்ஸின் எண் இன்னும் அதில் இருந்தது. ஓய்வு பெற்றபோது எல்லாரும் கடிகாரம் வாங்கிக்கொள்வார்கள், இவள் கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. எங்களைக் காப்பாற்றப் போகிற அதே உறைபனி, சக்கரங்களைச் சேற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாலு சக்கரத்தையும் இருட்டுவதற்குள் சேற்றிலிருந்து தோண்டி விடுவித்து, மட்கார்டுக்குள் அடைத்த மண்ணைச் சுரண்டி, அடியில் சேஜ் புதரை வெட்டிப் பரப்பியாக வேண்டும். நாளைக் காலை ஒரே வாய்ப்பு. மழை வந்துவிட்டால் வண்டியும் இங்கே, கறியும் இங்கே.

கறியை முதலில் பைன் மர நிழலில் கட்டித் தொங்கவிட்டோம். அதுவும் அவள் சொல்லித்தான். அப்புறம் அவள் தீவன மூட்டைச் சாக்கை விரித்து, கெட்டுப்போன ஒரு முழங்காலோடு, பக்கவாட்டில் படுத்தாள். டயர் லீவரால் மண்ணைக் கரண்டி கரண்டியாக எடுத்தாள். பலகை வைத்து, அதன்மேல் ஜாக்கி வைத்து, கொஞ்சம் தூக்கி, புதரைச் செருகி, இறக்கி, மறுபடி தூக்கி. அவசரமே இல்லை. சக்கரங்களுக்குத் தன் பஸ்ஸில் வந்த அடங்காத பிள்ளைகளின் பெயரை வைத்திருந்தாள்.

"இவன் டாரல். அடம். இவன எறக்கிட்டா மத்தவனுங்க தானா வருவானுங்க."

"அந்த மூலையில இருக்கறது?"

"அது வெண்டி. சத்தமே போடாது. ஆனா எங்கியும் நகராது."

சேற்றுக்குள் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். இதை எழுதியே ஆக வேண்டும்: ஒரு மனுஷி இவ்வளவு அழகாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. கோபம் ஒரு துளி இல்லை. என் தப்பைக் குத்திக் காட்டும் ஒரு பார்வைகூட இல்லை. எனக்கு அவள்மேல் இத்தனை வருடம் இருந்த கசப்பு, மூன்றாவது சக்கரத்துக்கும் நாலாவதுக்கும் நடுவில் எங்கோ விழுந்துவிட்டது.

உள்ளே ஏறி உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன். "கல்யாணத்தன்னிக்கு நான் ரெண்டு குளிர்காலம் தாங்க மாட்டேன்னு சொன்னீங்க."

ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றினாள். "சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்னு மூணாவது வருஷமே தெரிஞ்சு போச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வாய் வரல." காபியை என்னிடம் நீட்டினாள். "என் வாய் அப்படி. தேவையில்லாததுக்குத்தான் வரும்."

இருட்டுகிறது. உறைய வேண்டும். உறையாவிட்டால்—

நவம்பர் 10, ஞாயிறு

உறைந்தது.

விடிந்ததும் கறியை இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டு, சாவியை அவளிடம் நீட்டினேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். ஆப்புக் கட்டைகளை எடுத்து வந்து, ஜன்னலை இறக்கி, காதை வெளியே வைத்துக்கொண்டு, பழக்கத்தில் சொன்னாள்: "எல்லாரும் உக்காருங்க." வண்டியில் நான் ஒருத்திதான். உட்கார்ந்தேன்.

சக்கரங்கள் சேஜ் குச்சிகளை முறித்துக்கொண்டு ஏறின. ஒரு தடவை வழுக்கியது, அவள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே இல்லை, வண்டியை அதன் போக்கில் நிற்கவிட்டு மறுபடி நகர்த்தினாள். மூன்று மைலுக்கு நாற்பது நிமிடம். சரளைச் சாலையில் ஏறியதும்தான் ஜன்னலை மூடினாள். நாங்கள் கறியைக் கொட்டகையில் மாட்டிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

ஆர்லன் ஊன்றுகோலோடு வந்து மானைப் பார்த்தான், எனக்கு முத்தம் கொடுத்தான், பிறகு வண்டியைப் பார்த்தான். கதவு வரை சேறு.

"யாரு மாட்டினது?"

"நான்தான்" என்றாள் கொரீன். "முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவை. சிரிச்சுத் தொலை."

அவன் சிரித்தான். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. திறந்த வாயோடு நின்றேன், அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 13, புதன்

'கொரீன் — அச்சு வரை.' ஓபல் பலகையில் பெரிய எழுத்தில். ஆர்லனின் கைவரிசை, யாருக்கோ ஃபோனில் சொல்லியிருக்கிறான். இன்று ஜன்னலுக்கு வந்த பதினேழு பேரும் அதையே பேசினார்கள். ருட்ஜர், "நாங்கல்லாம் சின்ன வயசுல அவ பஸ்ல போய் உயிரோட இருக்கறது பெரிய விஷயம்" என்று சொல்லிச் சிரித்தான். அவனுடைய பார்சலைத் தேவைக்கு மேல் ஓங்கி முத்திரை குத்தினேன்.

சாயங்காலம் கொரீனுக்கு ஃபோன். "ஏன் பொய் சொன்னீங்க?"

"உன் ஜன்னலுக்கு ஊரே வந்து போகுது. நான் வீட்ல சும்மா உக்காந்திருக்கேன். எனக்கென்ன?"

"அது உங்க பேரு, கொரீன். ஒரு தடவைகூட மாட்டாத பேரு."

"அந்தப் பேரை வச்சு இனிமே எந்த பஸ்ஸ ஓட்டப் போறேன்?" வைத்துவிட்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

ஃப்ரீஸர் மூட முடியாத அளவு நிறைந்துவிட்டது. முதல் வறுவல். ஆர்லன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். நான் என் பங்கை டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

நவம்பர் 16, சனி

காலை எட்டு மணிக்கு ஓபல் கடை. கூட்டம். கொரீன் மூலை மேசையில், முட்டையும் குறுக்கெழுத்துமாக. நான் நேராகக் கல்லாவுக்குப் போய், பலகையில் அவள் பெயரை உள்ளங்கையால் துடைத்தேன்.

"ஏய், என்ன பண்ற?" என்றாள் ஓபல்.

"ஓட்டினது நான். அவங்க வேணாம்னு சொன்னாங்க, கேக்காம ஓட்டி மாட்டினேன். வெளிய எடுத்தது அவங்க. என் பேர எழுது."

ஓபல் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றாள். ருட்ஜர்தான் ஆரம்பித்தான். "பில்லிங்ஸ்காரங்க பேர எழுதற வழக்கம் இல்லையே, ஓபல்?" விளையாட்டுக்குத்தான் சொன்னான். இருந்தாலும் எனக்குக் காது சுட்டது.

"யார்ரா பில்லிங்ஸ்காரி?" மூலையிலிருந்து கொரீனின் குரல், பஸ்ஸின் கடைசி வரிசைக்குப் போடுகிற குரல். "காலைல உறைஞ்ச மண்ண நம்பி உள்ள போய், மத்தியானம் அச்சு வரைக்கும் எறக்கியிருக்கா. இந்த ஊர்க்காரியத் தவிர யாருக்கு அந்தக் கொழுப்பு வரும்? எழுது, ஓபல்."

ஓபல் எழுதினாள். 'டெல்மா — அச்சு வரை.'

நான் மூலை மேசையில் போய் உட்கார்ந்தேன். கொரீன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஒரு தடவையாவது என் பேரு அங்க இருக்கட்டும்னு பாத்தேன். அதையும் துடைச்சுட்டே" என்றாள். பிறகு தன் தட்டிலிருந்த ரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

நவம்பர் 30, சனி

நாளை சீசன் முடிகிறது. நாளைக்கு என் ஆப்பிள் பை போக வேண்டும். மதியம் கொரீன் தட்டாமலே உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி, என் மாவைக் கிள்ளிப் பார்த்தாள்.

"இதையா ஊருக்குக் குடுக்கப் போற? கம்போ மாதிரி இருக்கு."

"அப்ப நீயே பிசை" என்றேன்.

பிசைகிறாள். நான் இங்கே ஆப்பிள் நறுக்காமல் இதை எழுதிக்கொண்டிருப்பதற்கும் திட்டுகிறாள்.