நம் வீட்டில் ஒருத்தி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நீயாகச் சொன்னால்தானே தெரியும்.

பெரிய செய்தி ஒன்று. நம் ஊர் நகரமாகிவிட்டது. போன வாரம் உத்தரவு வந்து, எங்கள் பேரூராட்சி அலுவலக வாசலில் நகராட்சி என்று புதுப் பலகை மாட்டினார்கள். உள்ளே அதே ஒழுகும் கூரை, அதே ஆடும் நாற்காலி, எனக்கு அதே சம்பளம். தலைவருக்குத்தான் கால் தரையில் பாவவில்லை.

இது நடந்த விதத்தைக் கேட்டால் சிரிப்பாய். பாலத்துக்கு அந்தப்பக்கம் இத்தனை புது வீடுகள் வந்தும், நகரமாவதற்குத் தேவையான ஜனத்தொகைக்குக் கொஞ்சம் குறைந்தது. கணக்கெடுக்கும் நாளில் யார் எந்த வீட்டில் தங்கியிருந்தாலும் அந்த ஊர்க் கணக்கில் சேர்வார்கள் என்பது விதி. தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளை, மாப்பிள்ளைகளை எல்லாம் அந்த ஒரு நாளைக்கு வரவழையுங்கள், நகரமானால் பெரிய ஆஸ்பத்திரி வரும் என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தார். அதனால்தான் உனக்கு அப்போது அவ்வளவு அவசரமாக எழுதினேன். லீவு கிடைக்கவில்லை, பிறகு பார்க்கலாம் என்று நீ பதில் போட்டாய்.

மற்றவர்கள் வந்தார்கள், தம்பி. நம் தெருவைக் கணக்கெடுக்க என்னையே போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுப் படியிலும் செருப்புக் குவியல். மருந்துக்கடைக்காரரின் மகன்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது உனக்குத் தெரியுமே. இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரரோ, பக்கத்தில் நிற்கும் என்னிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பேரன் குளித்துவிட்டு வரும்வரை என்னைக் காக்க வைத்து, அவனையும் காட்டிவிட்டுத்தான் விட்டார்.

கடைசியில் நம் வீடு. நானே பூட்டைத் திறந்து உள்ளே போய், வீட்டில் எத்தனை பேர் என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகைதான்.

தலைவர் பின்னாலேயே வந்துவிட்டார். "தம்பியையும் சேர்த்து ரெண்டுன்னு போடும்மா. அவன் வளர்ந்த வீடுதானே, யாரு வந்து கேக்கப் போறா?" என்றார். முடியாது என்றேன். ஒரு ஆள் குறைந்து காரியம் கெட்டால் பழி என் தலையில்தான் விழும் என்றார். விழட்டும் என்று, ஒன்று என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உத்தரவு வரும்வரை மனிதர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஊரில் என்னை நேர்மைக்காரி என்கிறார்கள். நேர்மையாவது ஒன்றாவது. பக்கத்துத் தெருவில் ஒரே மாப்பிள்ளையை இரண்டு வீட்டில் எழுதியது தெரிந்தும் வாயைத் திறக்காதவள் நான்.

கணக்கெடுத்த மறுநாளே எல்லாரும் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் அன்று கடையே திறக்கவில்லை. புதுப் பலகை மாட்டியபோது கைதட்ட அலுவலகக்காரர்கள் நாங்களும் சில பள்ளிப் பிள்ளைகளும்தான் இருந்தோம். தனியாக இருப்பது பழகிவிட்டது என்று உனக்கு எப்போதும் எழுதுவேன். பழகவில்லை, தம்பி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விளக்கைப் போடக்கூட மனம் வருவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு இடம் அளந்துவிட்டார்கள். கட்டடம் எழும்பினால் உன்னைப்போல் மின்வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் வேண்டும் என்கிறார்கள். சும்மா காதில் போட்டு வைக்கிறேன்.

தலைவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நீ இங்கே இருக்கிறாய் என்று என் கையாலேயே எழுதிவிட்டால், அப்புறம் யார் வருவார் என்று நான் வாசலைப் பார்ப்பது?

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா