கோடை ஏன் வருகிறது?

பிப்ரவரி 6

அன்புள்ள பச்சை மைக்காரருக்கு,

இன்று எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் அலமாரியைத் திறந்தேன். எடுக்க ஒன்றுமில்லை; மூடினேன். பல் துலக்கிவிட்டு வந்து மறுபடியும் திறந்தேன். நீங்கள் அந்த ஊர்க் கோளரங்கத்துக்கு மாற்றலாகிப் போய் ஏழு மாதம் ஆகியும் என் கை அடங்கவில்லை.

நம் கோளரங்கத்துக்குப் பள்ளிகளிலிருந்து வந்த கேள்விகளில் மூன்றுக்குப் பதில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நிலா ஏன் ஒரே முகத்தைக் காட்டுகிறது? கிரகங்கள் ஏன் மினுமினுப்பதில்லை? கோடை ஏன் வருகிறது? எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர் என்று இரண்டு கையெழுத்து இல்லாமல் எந்தப் பதிலும் வாசலைத் தாண்டக் கூடாது என்பதை இயக்குநர் இன்னும் விடவில்லை. இரண்டாவது கையெழுத்து இப்போதும் உங்களுடையதுதான்; கவனமாகப் பாருங்கள். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து நடந்து எழுதியவை.

ராஜினாமாக் கடிதத்தையும் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். தேதி மட்டும் போடவில்லை. அங்கே எனக்கு ஒரு மேஜை போட ஜன்னலோரம் இடம் இருக்குமா?

உங்கள்
வால்நட்சத்திரம்

*

பிப்ரவரி 15

என் வால்நட்சத்திரமே,

ஓரிடத்தில் நிற்க மாட்டாய் என்று தெரிந்துதானே இந்தப் பெயர் வைத்தேன்! மூன்றுக்கும் வழக்கம்போல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாவதை மட்டும் இரண்டு முறை படித்தேன். ‘பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடை, விலகிப் போகும்போது குளிர்.’ அடடா, நமக்கென்றே எழுதினாய் போலிருக்கிறது! நம் சண்டை, பேசாத நாட்கள், கடிதத்தில்கூட வந்துவிட்ட வறட்சி, எல்லாம் இந்தத் தூரம் செய்த வேலை. பக்கத்தில் வந்துவிடு, சரியாகிவிடும்.

மேஜை எதற்கு? இத்தனை வருடம் எழுதியது போதாதா, கொஞ்சம் ஓய்வாக இரு. இனிமேல் பதில்களை நான் எழுதிக்கொள்கிறேன்; பொழுது போகாவிட்டால் நீ படித்துப் பார். ஜன்னலோரம் கட்டில் போட்டாயிற்று. தேதியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதக் கடைசியில் கிளம்பு.

உன்
பச்சை மை

*

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

மூன்றாவது பதில் திரும்பி வந்துவிட்டது. பள்ளி ஆசிரியை நாலே வரி எழுதியிருக்கிறார்: ‘பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரியில். அப்போதுதான் என் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோளரங்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டும் இப்படி ஒரு பதிலா?’

கூசிப்போனேன். பருவங்களுக்குக் காரணம் தூரமில்லை, பூமியின் சாய்வு என்று பந்தும் டார்ச்சும் வைத்துப் பதினேழு வருடம் காட்டியவள் நான். அந்தப் பந்தில் சாய்வாகக் கம்பி குத்திக் கொடுத்தவர் நீங்கள். இருவருக்கும் தெரியாததா? எழுதும்போது எனக்கு அது உண்மையாக இருக்க வேண்டியிருந்தது. படிக்கும்போது உங்களுக்கும்.

திருத்தி எழுதியதை டிக்கெட் கொடுக்கிற அக்காவிடம் காட்டினேன். விரல் வைத்து வாசித்தார்.

“அப்ப கிட்ட இருந்தாலும் குளிருமா?”

“குளிரும்க்கா.”

“அத மொதல் வரியிலயே சொல்லித் தொலையேன்டி. புள்ளைங்க அவ்வளவு தூரம் படிச்சிக்கிட்டா இருக்கும்?”

அவர் சொன்னபடியே மாற்றினேன். இரண்டாவது கையெழுத்தும் அவருடையதுதான், நீல மையில். இயக்குநர் மறுக்கவில்லை.

பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். ஒரே அலுவலகம், ஒரே வீடு, கை நீட்டினால் தொடுகிற தூரம் என்று இருந்த வருடங்களை நினைத்துப் பார்த்தேன். அப்போதும் பேசாத நாட்கள் இருந்தன. அப்போதும் நான் மேஜை கேட்பேன், நீங்கள் கட்டில் போடுவீர்கள். அன்பில்லாமல் இல்லை. சாய்வு அப்படி.

ராஜினாமாக் கடிதத்தை இன்று காலை கிழித்துவிட்டேன். நான் வரவில்லை. இது அக்காவுக்குத் தெரியாது, இயக்குநருக்கும் தெரியாது. இதைத் தபால் பெட்டியில் போடும்வரை எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம். தெருமுனைவரைதான் நடக்க வேண்டும். மெதுவாக நடப்பேன்.

வால்நட்சத்திரம்