வெளிக்குடிசையில் ஒரு பொழுது

நர்ஸம்மா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முழங்கால்மேல் பலகை வைத்து எழுதுகிறேன். 'ழ' வரும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. ஆனாலும் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவன், இப்போது முழுக் கடிதத்தையும் நானே எழுதுகிறேன் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

எங்கே உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? ஊருக்கு வெளியே, மாதவிலக்கான பெண்கள் தங்குவார்களே, அந்தக் குடிசையில். இப்போது இங்கே விறகுதான் கிடக்கிறது. காலையில் வேலூரில் எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பிராஸ்டேட் சுரப்பியில் புற்று. எலும்புக்கும் பரவிவிட்டதா என்று பார்க்க ஊசியில் கதிர்வீச்சுள்ள ஒரு மருந்து ஏற்றினார்கள். புற்று இருக்கும் இடத்தில் அது போய் ஒட்டிக்கொண்டு படத்தில் ஒளிவிடுமாம். "இது ஆராய்ச்சிக்கும் சேர்த்து, சம்மதமா?" என்றார் டாக்டர். உங்களை நினைத்துக்கொண்டு சரி என்றேன். "இன்னைக்கு ஒருநாள் கர்ப்பிணிங்க, கொழந்தைங்க பக்கத்துல போகாதீங்க பெரியவரே" என்றார்கள். வீட்டில் பேத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. நேராக இங்கே வந்துவிட்டேன்.

கஞ்சி கொண்டுவந்த என் காளியம்மா வாசலில் நின்று சிரித்தாள். "இன்னாய்யா, இந்த வயசுல நீ தூரமாயிட்டியா?"

ஊசி குத்திய இடத்துப் பஞ்சில் இன்னும் ஸ்பிரிட் வாசம். அது உங்கள் வாசம். அந்தக் காலத்தில் இதே குடிசைக்குள் குனிந்து நுழைந்து, யாரும் தொடாத பெண்களை ஒட்டி உட்கார்ந்தீர்கள். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று காளியம்மா என்னிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொன்னாள். பிறகு ஆராய்ச்சிக்கென்று பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துக்கொண்டு போளூர் பஸ்ஸுக்கு ஓடினீர்கள். கிருமித் தொற்று என்று முடிவு வந்ததும் நீங்களே மலையேறி வந்தீர்கள்.

மாத்திரையை எனக்கும் நீட்டினீர்கள்.

"பொம்பள நோவுக்கு நான் இன்னாத்துக்கு முழுங்கணும்?"

"நோவு ஒருத்தருது இல்லண்ணா. ரெண்டு பேரும் முழுங்குங்க. பாத்துட்டுத்தான் போவேன்."

மற்ற ஆண்கள் முறைத்தார்கள். நான் விழுங்கினேன். பல வருஷம் பிள்ளையில்லாத எங்களுக்கு அதற்கப்புறம்தான் மகள் பிறந்தாள். அவள் பெற்றவள்தான் இந்தப் பேத்தி.

போன வருஷம் நீங்கள் இறந்த சேதி கேட்டு, பஸ் பிடித்துக் கீழே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு மூத்திரம் போகச் சிரமம் வந்தபோது நானும் வெட்கப்பட்டு மறைத்தேன். "நர்ஸம்மா இருந்தா உன்ன வுட்டிருக்குமா?" என்று காளியம்மாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

புதன்கிழமை முடிவு சொல்வார்கள். ஒற்றையடிப் பாதையில் உங்கள் குடை தெரியாதா என்று இப்போதும் கண் போகிறது. நீங்கள் வந்தால், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். இந்த முறை தமிழில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். நானே வாசிப்பேன்.

காளியம்மாவை வீட்டுக்குப் போகச் சொன்னேன். "நோவு ஒருத்தருது இல்லய்யா" என்று விறகைத் தள்ளிவிட்டு என்னை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். நல்லதோ கெட்டதோ, அடுத்த வாரம் உங்களுக்குத்தான் முதலில் எழுதுவேன்.